கயிறு பத்திரம்

மேனாம்பேடு, அம்பத்தூர்.
ஐப்பசி 6, வியாழக்கிழமை.

என் மரியாதைக்கும், சில நேரம் என் பயத்துக்கும் உரிய மச்சான் வீரராகவன் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியவன் பக்தவத்சலம் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் தங்கை நாகம்மாள், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் உங்கள் மருமகள் சௌம்யா, அவள் வயிற்றில் இருக்கும் ஜீவன் ஆகிய நால்வரும் நலம். ஐந்தாவதாக, நீங்கள் அனுப்பிய படகு மோட்டாரும் நேற்று மாலை ஐந்தே கால் மணி முதல் நலம். பழவேற்காட்டில் அண்ணியும் ஏரியும் இறால் பிடிப்பும் எப்படி என்று எழுதவும். உங்கள் போன் ஏரிக்குள் விழுந்து ஒரு மாதம் ஆகியும் நீங்கள் வேறு போன் வாங்காததில் நாகம்மாளுக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை. போனில் இதையெல்லாம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அது எனக்குக் கேட்கும். கடிதத்தில் சிரித்தால் கேட்காது.

முதலில் மோட்டார் எதற்கு என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ரிட்டயர் ஆனவனுக்கு விளையாட்டுச் சாமான் கேக்குது" என்று நீங்கள் அண்ணியிடம் சொன்னதாகக் கேள்வி. ஆவடி டாங்கி பேக்டரியில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்த நான், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டை வாங்கியது ஒரு சித்திரை மாதத்தில். சித்திரையில் எந்த இடமும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகையில்தான் இது தெரு இல்லை, ஏரியின் கடைசி அறை என்று தெரிந்தது. போன புயலுக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றபோது எதிர் வீட்டு வித்யாவுக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டி வராது என்று கையை விரித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்துப் பிரியாணி அண்டாவில் அவளை உட்கார வைத்து நாலு பேர் தள்ளிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். வலி வரும்போதெல்லாம் அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே நாகம்மாள் சொல்லிவிட்டாள்: "எம் பொண்ணு அண்டால போவக் கூடாது. சொல்ட்டேன்." இப்போது சௌம்யாவுக்கு ஐப்பசிக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சரணுக்கு ஓசூரில் லீவு கிடைப்பது குழந்தை பிறந்த பிறகுதான். ஆக மழைக்கும் மகளுக்கும் நடுவில் நிற்பவன் நான் ஒருவன்தான். தெரு நலச் சங்கம் வாங்கிப் போட்ட ஃபைபர் படகு ஒன்று பிள்ளையார் கோயில் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, அதன் முதுகில் இதுவரை வடகம்தான் காய்ந்திருக்கிறது. படகு இருந்தும் மோட்டார் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்டேன்.

நீங்களும் மறுபேச்சு இல்லாமல், உங்கள் பழைய எட்டு குதிரை மோட்டாரை மீன் வண்டியில் ஏற்றி, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பி வைத்தீர்கள். சௌம்யாவை விட இரண்டு வயது மூத்த மோட்டார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் நீங்கள் எழுதியிருந்தது மொத்தம் மூன்றே வார்த்தை: "ஓடும். கயிறு பத்திரம்."

மச்சான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இனிமேல் எதையும் மூன்று வார்த்தையில் எழுதாதீர்கள்.

கயிறு என்றதும் நான் நினைத்தது மோட்டாரின் தலையில் இழுத்து ஸ்டார்ட் செய்கிற கயிற்றை. பழைய கயிறு, அறுந்துவிடும், பத்திரமாக இழு என்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி மெதுவாக இழுத்தேன். இருமக்கூட இல்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். அன்று மாலைக்குள் நூற்று நாற்பது முறை. மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் சாப்பிட்டேன், உங்கள் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள் ஆயுத பூஜை. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர், கிரைண்டர், சௌம்யாவின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி உங்கள் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டு, பொரி கடலை படைத்தோம். வைத்த கை என் கை. நிறையவே வைத்தேன்.

இங்கே ஒரு ரகசியத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். டாங்கி எஞ்சினைப் பிரித்து மேய்ந்தவன் என்று உங்கள் கல்யாண நாளிலிருந்து நான் சொல்லிக்கொண்டு வருகிறேனே, அது பொய்யில்லை. ஆனால் டாங்கி ஓடுவது டீசலில். டீசல் எஞ்சினில் காற்றை நசுக்குகிற நசுக்கலில் எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட ஒரு எஞ்சினிலும் ஒரு பொறியைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் மோட்டார் பெட்ரோலில் ஓடுவது, பொறி இல்லாமல் அது வெறும் இரும்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஐந்து நாள் அந்த மோட்டாரில் டீசல் பம்ப்பைத் தேடினேன். இல்லாத பம்ப் கிடைக்கவில்லை என்றதும் நீங்கள் கழற்றி விற்றுவிட்டீர்களோ என்று ஒரு நிமிஷம் உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னிக்கவும்.

மீன் வண்டிக்காரரிடம் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். டாங்கியைப் பார்த்தவன் எட்டு குதிரை மோட்டாருக்கு ஆள் அனுப்பினான் என்று எனக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் நீங்கள் சொல்லிக் காட்டுவீர்கள் என்பதால் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் துலுக்கானத்தைத் தெரியுமல்லவா, அவர் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா அண்ணாத்தே, இன்னும் தூங்கினு கீதா?" என்று மோட்டாரை விசாரிப்பார். இருபது நாள் பொறுத்தேன். தீபாவளியும் வந்துவிட்டது. அன்றைக்குத் தெருவே வெடித்தது, உங்கள் மோட்டார் மட்டும் வெடிக்கவில்லை. அன்று மாலையே கொரட்டூர் பக்கம் மேகம் கறுத்தது. சௌம்யா வாசல்படியில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தாள். அதைப் பார்த்ததும் என் மானத்தை மடித்து வைத்துவிட்டு, துலுக்கானத்தின் ஆட்டோவிலேயே சென்னீர்குப்பம் போய், டூவீலர் மெக்கானிக் பூபாலனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தீபாவளி லீவு முடிந்து அவர் கடை திறந்ததே நேற்று மதியம்தான்.

பூபாலனுக்கு முப்பது வயது இருக்கும். வந்ததும் மோட்டாரைப் பார்த்து, "இன்னா சார், ஊதுவத்தி வாசனை வருது?" என்றார். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முழுக்க என் சந்தனம் பூசி, காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. "பொறி இது மேலேயே ஏறி ஓடிப் பூடும் சார், உள்ள போவாது. சாமிக்கு இன்னாத்துக்கு சார் பிளக்குல பொட்டு?" என்றார். நான் நாகம்மாளைப் பார்த்தேன். நாகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து, வயர் நுனியில் இருக்கிற தொப்பியில் மாட்டி, எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து, என்னைக் கயிற்றை இழுக்கச் சொன்னார். பிளக் நுனியில் நீலமாக ஒரு பொறி தாவ வேண்டுமாம். இழுத்தேன், தாவவில்லை. புதுப் பிளக் போட்டார், தாவவில்லை. கயிற்றை இழுத்தால் மோட்டாரின் தலையில் சுற்றுகிற சக்கரத்தைக் கழற்றினார். அதன் திருகு துள்ளிப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாகம்மாளின் முறத்தில் விழுந்தது. சக்கரத்தின் உள்பக்கம் காந்தம், அதற்கு அடியில் செம்புக் கம்பி சுற்றிய கட்டை. சக்கரத்தை வாங்கித் தரையில் வைக்கக் குனிந்த நாகம்மாளின் புடவையில் இருந்த மூன்று ஊக்கும் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. "ஐயோ, புடவையப் புடிச்சி இழுக்குதே! உங்க மோட்டாருக்கு மரியாத இல்ல?" என்று அவள் கத்திய கத்தலுக்குத் துலுக்கானம் மறுபடி தலையை நீட்டினார். பாயிண்ட் என்ற குட்டிச் சாமானை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஊக்குகளை மீட்டு, எல்லாவற்றையும் பூபாலன் மாட்டியதும் மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை.

பூபாலன் தலையைச் சொறிந்தார். பிறகு மோட்டாரின் முன்பக்கம் இருக்கிற சிவப்புப் பொத்தானிலிருந்து வருகிற கறுப்பு வயரை உருவிவிட்டு, "இப்போ இழு சார்" என்றார். நான் நம்பிக்கையில்லாமல், பிளக் நன்றாகச் சாய்ந்திருக்கிறதா என்று இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கையால் இழுத்தேன்.

மச்சான், அப்போது பிளக்கைப் பிடித்திருந்த கையில் வாங்கிய அடியில் நான் வாழைமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அது போகட்டும். இரண்டாம் தடவை பிளக்கை விட்டுவிட்டு இழுத்தேன். பார்த்தேன். சோற்றுப் பருக்கை அளவுக்கு நீலமாக ஒன்று, டிக் என்று தாவி, இல்லாமல் போயிற்று. மறுபடி இழுத்தேன், மறுபடி தாவியது. பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை, ஈபி ஆபீஸ் இல்லை. ஒரு காந்தம் சுற்றுகிறது, பக்கத்தில் செம்புக் கம்பி சும்மா நிற்கிறது, ஒன்றை ஒன்று தொடக்கூட இல்லை, எங்கிருந்து வருகிறது அந்த நெருப்பு? பூபாலனைக் கேட்டேன். "அது அப்டித்தான் சார், வரும்" என்றார். முப்பது வயதில் அவருக்கு அது பழகிவிட்டது. எனக்கு அறுபத்திரண்டு வயதில் முதல் தடவை. உடம்பு சிலிர்த்துவிட்டது. போதும் சார், போதும் சார் என்று பூபாலன் கையைப் பிடிக்கும் வரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், தோள் வலிகூடத் தெரியவில்லை. நாகம்மாளும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். துலுக்கானம் காம்பவுண்டைத் தாண்டியே குதித்துவிட்டார். இருபத்தைந்து வருஷமாகப் பிளக் போட்ட ஆட்டோவை ஓட்டுகிறவர், "இத்தினி நாளா இதும்மேல குந்திகினு தான் போறேனா!" என்று வாயைப் பிளந்தார்.

"வயரை உருவினா பொறி வருதுன்னா, கோளாறு பொத்தான்ல கீது" என்று பூபாலன் முடிவாகச் சொன்னார். எல்லோரும் குனிந்து பொத்தானைப் பார்த்தோம். பொத்தானுக்கும் அதன் அடிக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்து சொருகிக்கொள்கிற மாதிரி ஓர் இடைவெளி. அங்கே எதுவும் இல்லாததால் பொத்தான் எந்நேரமும் உள்ளே அமுங்கி, மோட்டாரை 'நில், நில்' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. "சின்னதா ஒரு பிளாஸ்டிக் கவ்வி இருக்கணும் சார், லாடம் மாதிரி. கூட சுருள் சுருளா ஒரு கயிறு" என்றார்.

பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த சௌம்யா கையைத் தூக்கிப் பார்த்தாள். "செவப்புக் கயிறாண்ணா?" என்றாள்.

வளைகாப்பு வளையல்களுக்கு நடுவே, இருபது நாளாக, சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு. நுனியில் குட்டி லாடம். நானும் இருபது நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இந்தக் காலத்துப் பெண்கள் போடுகிற ஏதோ ஒன்று என்று நினைத்தேன். நடந்தது இதுதான்: உங்கள் சீட்டை எனக்கு முன்னால் உங்கள் தங்கை படித்திருக்கிறாள். மோட்டாரில் தொங்கிய சிவப்புக் கயிற்றையும் பார்த்திருக்கிறாள். "கயிறு பத்திரம்." அண்ணன் பொன்னியம்மன் கோயிலில் மந்திரித்து, மருமகளுக்குக் காப்பு அனுப்பியிருக்கிறான் என்று கண் கலங்கி, எண்ணெய்ப் பிசுக்கு போக மஞ்சள் தண்ணீரில் அலசி, சாமி படத்தின் முன் வைத்து எடுத்து சௌம்யா கையில் கட்டிவிட்டாள். நுனியில் இருந்த லாடத்தை என்னவென்று நினைத்தாய் என்று கேட்டேன். "தாயத்து இப்பல்லாம் பிளாஸ்டிக்ல வருதுன்னு நெனச்சேன்" என்றாள்.

கழற்று என்றேன். அப்போது உங்கள் தங்கை நின்ற நிலை இருக்கிறதே, எந்த டாங்கியும் தாண்டாது. "கட்டின காப்ப பிரசவம் ஆவற வரைக்கும் அவுக்கக் கூடாது. எங்க அண்ணன் அனுப்பிச்சது." அது காப்பு இல்லை, ஸ்விட்ச் சாமான் என்று நானும் பூபாலனும் துலுக்கானமும் மாறி மாறிச் சொன்னோம். "பேரு இன்னாவோ இருக்கட்டும். கட்டினது கட்டினது தான்." ஆக, பிரசவத்துக்குப் போக மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கயிறு வேண்டும், கயிற்றை அவிழ்க்கப் பிரசவம் ஆக வேண்டும். நான் வாழைமரத்தடியிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். பூபாலன்தான், "வுடு சார், அந்தக் கறுப்பு வயர இப்டியே வுட்டுட்டா கயிறே வாணாம்" என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சௌம்யா போனில் தேடிப் பிடித்து ஒன்றைப் படித்தாள். அந்தக் கயிற்றைப் படகு ஓட்டுகிறவர் கையில்தான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அலையில் அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு, கவ்வி கழன்று, அந்த நொடியே மோட்டார் நின்றுவிடுமாம். விழுந்தவரை விட்டுவிட்டுப் படகு போகாது, சுற்றி வந்து, தண்ணீருக்கடியில் சுழல்கிற இறக்கையால் வெட்டவும் வெட்டாது.

ஒரு மனிதன் கையில் கட்டியிருந்தால்தான் நான் ஓடுவேன், அவனை விட்டால் நின்றுவிடுவேன் என்று ஒரு இரும்பு சொல்கிறது, மச்சான். உயிரைக் காக்கக் கையில் கட்டுகிற கயிறு. இதற்குக் காப்பு என்று பெயர் வைத்தவள் உங்கள் தங்கை ஒருத்திதான். இன்ஸ்பெக்ஷனில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அது ஸ்விட்ச் சாமானாகத்தான் தெரிந்தது. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். வயரை உருவுகிற பேச்சை அத்தோடு விட்டேன். காக்கிற சாமானை ஏமாற்றிவிட்டு ஓட்டுகிற வண்டிக்கு நான் என்றைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

சௌம்யாதான் வழி சொன்னாள். "நான் தானேப்பா படகுல போவப் போறேன்? நானே மோட்டார் பக்கத்துல குந்திக்கிறேன்." உடனே ஓட்டிப் பார்க்க, நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பலகை கட்டி, மோட்டாரை மாட்டினோம். பிளக்கைத் திரும்ப முடுக்கி, கறுப்பு வயரையும் சொருகினோம். பக்கத்தில் நாற்காலி போட்டு நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைத்து, அவள் கையிலிருந்த லாடத்தைப் பொத்தானுக்கு அடியில் மாட்டினேன். இழுத்தேன். இருமியது. இழுத்தேன். தும்மியது. மூன்றாவது இழுப்பில், ஐந்தே காலுக்கு, கத்தியது பாருங்கள்! டிரம் தண்ணீர் பாதி துலுக்கானம் மேல், புகை முழுக்க அவர் வீட்டுக் கொடித் துணி மேல். தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டு வித்யா இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்து நின்று பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சௌம்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். கவ்வி கழன்றது. அத்தனை சத்தமும் ஒரு நொடியில் நின்றுபோய், டிரம்மில் தண்ணீர் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாகம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா? எம் பொண்ணு கைய எடுத்தா நிக்குது" என்றாள். துலுக்கானம் சொட்டச் சொட்ட நின்றபடி, "அண்ணாத்தே, இந்த மோட்டாருக்கு டிரைவரு உள்ள கீற கொழந்த தான்" என்றார்.

ஆகவே இனி எவ்வளவு மழை வேண்டுமானாலும் பெய்யட்டும். படகைக் கழுவி நிமிர்த்தியாயிற்று. பெட்ரோலில் எண்ணெய் கலந்து தயாராக வைத்திருக்கிறேன். மகளை அண்டாவில் அனுப்ப மாட்டேன் என்று தைரியமாகச் சொல்கிறேன். உங்கள் மோட்டாரைக் கும்பிட்டு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை சந்தனம் இல்லாமல்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும், அங்கே இருக்கும் சின்னஞ்சிறுசுகளுக்கு எங்கள் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். ஏரியில் போகும்போது நீங்களும் கையில் கயிறு கட்டிக்கொண்டு போகவும்.

இப்படிக்கு,
பொறியைக் கண்ணால் கண்ட,
பக்தவத்சலம்.

பின்குறிப்பு (ஐப்பசி 9): இதை ஒட்டுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. நேற்று காலை பதினோரு மணிக்கு, குறித்த நாளுக்கு முன்பே சௌம்யாவுக்கு வலி எடுத்தது. மேகம் இல்லை, சொட்டு மழை இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். படகை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துலுக்கானம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பதினான்கே நிமிஷம். பிரசவ அறைக்குள் கையில் எதுவும் இருக்கக் கூடாதென்று நர்ஸம்மா வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முடிச்சு அவிழாத கயிற்றைக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். லாடமும் பஞ்சோடு பஞ்சாகக் குப்பைக்குப் போய்விட்டது. கயிறு போனால் எல்லாம் நின்றுவிடும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. நாகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு சத்தம். முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது, மச்சான். பெண் குழந்தை. இருவரும் நலம். இருபது நாள் நான் தேடிய பொறியைப் போலவே இந்த உயிரும் எங்கிருந்து வருகிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டும்.

இப்போது மோட்டார் மறுபடி ஊமை. நாளை மறுநாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருகிறார்கள், இன்று காலையிலிருந்து மேகம் கூடியிருக்கிறது. இதை மீன் வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். கவ்வியோடு சிவப்புக் கயிறு வாங்கிக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். இரண்டாக வாங்கவும். ஒன்று மோட்டாருக்கு. இன்னொன்றை உங்கள் தங்கை தொட்டிலில் கட்டப் போகிறாள், நான் தடுக்கப் போவதில்லை.